கடலோர எடைக்கூடத்தில் மூன்று யூஎஸ்பி கருவிகள்: லினக்ஸ் அனுமதி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், உள்ளூரில் வடகடல் என்று சொல்லும் பாக் விரிகுடாவை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்தில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டிருக்கிறேன்.

அங்கே ஒரு மகளிர் சங்கம் மூங்கில் தெப்பத்தில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசி வளர்க்கிறது. 12 அடிக்கு 12 அடி தெப்பம். கயிற்றில் விதைப்பாசியைக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டால் 45 நாளில் அறுவடை. கரையில் வலை விரித்துக் காயவைக்கும்போது பத்துக் கிலோ பச்சைப் பாசி ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கிவிடும். காய்ந்த பாசியில் ஒரு கிலோ கணக்கு தவறினால் பத்துக் கிலோ உழைப்பு போயிற்று என்று அர்த்தம். முன்பெல்லாம் வியாபாரி கொண்டுவரும் தராசில் நிறுத்து, அவர் நோட்டில் அவரே எழுதி, மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று பிடித்துக்கொள்வார். அதில் பெண்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. சங்கமே ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி, எடை போட்டதும் பெயர், தேதி, எடை அச்சான சீட்டு இரண்டு பிரதி கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். ஒன்று உறுப்பினருக்கு, மற்றொன்று சங்கத்துக்கு.

கணினி, யாரோ பயன்படுத்திக் கொடுத்த பழைய டெஸ்க்டாப். அதில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04 போட்டிருந்தார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை, தமிழில் எழுத முடிகிறது என்பதுதான் காரணம். ஊரில் டிப்ளமோ படித்த ஒரு தம்பி பைத்தானில் சிறிய நிரல் ஒன்று எழுதினார். கணினியில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று அந்தத் தம்பி வைத்திருந்த நிர்வாகக் கணக்கு. மற்றொன்று சாதாரணக் கணக்கு. எடை போடும் இரண்டு அக்காமார்கள் முறை வைத்து அதில் உட்கார்ந்தார்கள். மாலையில் உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு என்று ஊர்ப் பிள்ளைகளும் அதே கணக்கைத்தான் பயன்படுத்தினார்கள். இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

இணைத்த கருவிகள் மூன்று. தராசின் பின்புறம் பழைய சீரியல் முனை. அதிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிள். அந்தக் கேபிளுக்குள் இருந்தது சிஎச்340 சில்லு. கணினிக்கு அது காட்டும் விற்பனையாளர் எண் 1ஏ86, பொருள் எண் 7523. இரண்டாவது, கடைகளில் பில் அடிக்கும் சிறிய தெர்மல் பிரிண்டர், எண்கள் 0416, 5011. மூன்றாவது, பாசி அடுக்கும் அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் விரல் நீள யூஎஸ்பி உணரி, எண்கள் 413டி, 2107. காய்ந்த பாசி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வாங்குபவர் அதைச் சொல்லி எடையைக் குறைப்பார். அறையில் ஈரம் எப்போது ஏறியது என்று கையில் பதிவு இருந்தால் பேச வசதி.

நான் இராமநாதபுரத்தில் சில பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் கணினி பார்த்துக் கொடுப்பவன். எடைச் சீட்டு திரும்பத் திரும்ப நின்றுபோன பிறகு சங்கத் தலைவி கூப்பிட்டார். முதல் கட்டங்களில் நான் இல்லை. அந்தத் தம்பியும் எடை போடும் அக்காமார்களும் சொன்னதையும், கணினியின் பதிவுகளில் இருந்ததையும் வைத்துத்தான் அப்பகுதியை எழுதுகிறேன்.

முதல் தடங்கல்: கருவி வந்து மறைந்தது

நிறுவிய அன்றே தராசு பேசவில்லை. லினக்ஸில் இப்படிப்பட்ட கருவியோடு நிரல் பேசுவது டெவ் கோப்புறையில் உள்ள ஒரு கோப்பு வழியாக. கேபிளைச் செருகினால் அங்கே டிடிஒய்யூஎஸ்பி0 என்ற கோப்பு தோன்ற வேண்டும். தோன்றவில்லை. கேபிள் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கினார்கள். அதிலும் அதே சில்லு, அதே கதை.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எழுதும் பதிவைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கோப்பு தோன்றாமல் இல்லை. தோன்றிய நொடியிலேயே பறிபோயிருந்தது. பறித்தது பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிகளை லினக்ஸில் இயக்குவது அதன் வேலை. சில பிரெய்ல் கருவிகளும் இதே சிஎச்340 சில்லைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. எனவே அந்த எண்ணைக் கண்டதும் இது பிரெய்ல் கருவிதான் என்று எண்ணி அந்தச் சேவை பிடித்துக்கொள்கிறது. உபுண்டு 22.04-இல் இது பலருக்கும் நேர்ந்த தொல்லை.

தம்பி அந்தச் சேவையின் மென்பொருள் தொகுப்பையே நீக்கிவிட்டார். அந்தக் கணினியை பிரெய்ல் கருவியோடு யாரும் பயன்படுத்தவில்லை என்பதால் நானும் அதை அப்படியே விட்டேன். பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் வந்துபோகும் இடமாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். அங்கே தொகுப்பை வைத்துக்கொண்டு, அதன் யூடெவ் விதிக் கோப்பை (செருகும் கருவிகளுக்குக் கோப்பும் அனுமதியும் கொடுக்கும் லினக்ஸ் சேவை யூடெவ்), அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்ஸெட்ராவின் கீழ் உள்ள விதிக் கோப்புறைக்கு அதே பெயரில் நகலெடுத்து, 1ஏ86, 7523 என்ற எண்கள் வரும் வரியை மட்டும் செயலிழக்கச் செய்யலாம். ஒரே பெயரில் இரண்டு இடத்தில் விதி இருந்தால் எட்ஸெட்ராவில் இருப்பதுதான் செல்லும்.

இரண்டாவது தடங்கல்: அனுமதி இல்லை

கோப்பு வந்தது. சாதாரணக் கணக்கிலிருந்து நிரலை ஓட்டினால் பிழை எண் 13, அதாவது அனுமதி மறுப்பு. பிரிண்டரிலும் அதே 13. உணரியிலும் அதே.

தம்பியைக் குழப்பியது ஒன்று. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைச் சாதாரணக் கணக்கில் ஓட்டினால் மூன்று கருவிகளும் பட்டியலில் அழகாக வந்தன. பட்டியலில் வருகிறதே, அப்புறம் ஏன் அனுமதி இல்லை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். யூஎஸ்பி கருவிகளுக்கான கோப்புகளை லினக்ஸ் பொதுவாக 0664 என்ற அனுமதியோடு உருவாக்குகிறது. கடைசி மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள் ஆகியோருக்கு: 6 என்றால் படிக்கலாம், எழுதலாம்; 4 என்றால் படிக்க மட்டும்; 0 என்றால் எதுவும் இல்லை. உரிமையாளர் ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள தலைமைக் கணக்கு. மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. பட்டியல் காட்டப் படிப்பது போதும். கருவியோடு பேச எழுதவும் வேண்டும். எனவே பட்டியலில் பெயர் இருப்பது, கேபிள் நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

சுற்றுவழிகளும் அவற்றின் விளைவும்

முதல் சுற்றுவழி, நிரலை சுடோ போட்டு ரூட்டாக ஓட்டுவது. ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டதால், பைத்தானைக் கடவுச்சொல் இல்லாமலே ரூட்டாக ஓட்டலாம் என்று சுடோ அமைப்பில் ஒரு வரி சேர்த்தார்கள். சீட்டு அச்சானது, எல்லாருக்கும் நிம்மதி.

சில வாரங்களில் இரண்டு பக்க விளைவுகள் தெரிந்தன. ரூட்டாக ஓடிய நிரல் எழுதிய எடைப் பதிவேடுகள் ரூட்டுக்குச் சொந்தமாயின. மாதக் கணக்கை முடிக்க லிப்ரே ஆபிஸில் திறந்த அக்காவுக்குப் படிக்க மட்டும்தான் முடிந்தது. திருத்திச் சேமிக்க முடியவில்லை. இது தொந்தரவு. மற்றது ஆபத்து. பைத்தானை ரூட்டாக ஓட்ட முடிந்தவர் கணினியில் எதையும் செய்யலாம். அந்தக் கணக்கில் மாலையில் உட்கார்வது பள்ளிப் பிள்ளைகள். யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனால் தடுப்பு எதுவும் இல்லை.

அடுத்து, ரூட்டாக ஓட்டுவதைத் தவிர்க்க, டவுனில் கணினி பழுது பார்க்கும் ஒருவர் சொன்ன யோசனைப்படி, கணினி தொடங்கும்போதெல்லாம் டிடிஒய்யூஎஸ்பி0 கோப்பின் அனுமதியை சிஎச்மாட் கட்டளை கொண்டு 0666 (எல்லாரும் படிக்கலாம், எழுதலாம்) ஆக்கும்படி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் க்ரானில் வைத்தார்கள். காலையில் வேலை செய்தது. மத்தியானத்துக்கு மேல் நின்றது. கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி வேலை செய்தது. இந்த மாதிரிப் பழுதுதான் ஆட்களைச் சோர்வடையச் செய்யும். "ஏன் தம்பி, இன்னைக்கும் சீட்டு வராதா?" என்று மூட்டையோடு நின்றவர்கள் கேட்க, அக்காமார் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துச் சீட்டு என்றதும் பழைய நோட்டு ஞாபகம் வந்து ஒரு சின்ன சச்சரவும் நடந்திருக்கிறது.

மூன்றாவது முயற்சி சரியான திசையில்தான் போனது; சறுக்கியது ஒரு எழுத்தில். சீரியல் கருவிகளுக்கான டயல்அவுட் என்ற குழுவில் கணக்கைச் சேர்க்க வேண்டும் என்று தம்பி படித்திருந்தார். யூசர்மாட் கட்டளையில் குழுவைக் குறிக்கும் பெரிய ஜி விருப்பத்தோடு, "இருப்பதோடு சேர்" என்று சொல்லும் சின்ன ஏ விருப்பத்தையும் தர வேண்டும். அது இல்லாவிட்டால் சொன்ன குழுவைத் தவிர மற்ற துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் கணக்கு நீக்கப்படும். முதலில் தன் நிர்வாகக் கணக்கில் சோதித்துப் பார்த்தார். மறுநாள் உள்ளே நுழைந்தபோது நிர்வாகிகளுக்கான சுடோ குழுவில் அவர் இல்லை. கணினியில் நிர்வாகி என்று யாரும் மிச்சமில்லை. இந்த நிலையில்தான் எனக்கு அழைப்பு வந்தது.

நான் பார்த்தது

முதலில் நிர்வாக உரிமையை மீட்டேன். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் மீட்பு நிலையைத் தேர்ந்து, ரூட்டாகக் கட்டளை தட்டும் ஷெல்லில் வட்டை எழுதக்கூடியதாக மாற்றி, கணக்கைச் சுடோ குழுவில் திரும்பச் சேர்த்தேன். சில நிமிட வேலை. கணினியின் முன்னால் உட்கார முடிகிற எவரும் இதைச் செய்யலாம் என்பதையும் தலைவியிடம் சொல்லி வைத்தேன்.

அப்புறம் எதையும் மாற்றாமல் மூன்று கருவிக் கோப்புகளின் உரிமையை மட்டும் பார்த்தேன். இந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதும் இடம் இதுதான். மூன்றுக்கும் பிழை ஒன்றே, 13. ஆனால் மூன்றின் நிலையும் ஒன்றல்ல.

தராசின் கோப்பு: உரிமையாளர் ரூட், குழு டயல்அவுட், அனுமதி 0660. அதாவது உபுண்டு ஏற்கெனவே ஒரு வழி வைத்திருக்கிறது. சீரியல் கருவிகள் எல்லாவற்றையும் டயல்அவுட் குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. கணக்கு அந்தக் குழுவில் இல்லை, அவ்வளவுதான்.

பிரிண்டரின் கோப்பு: குழு எல்பி, அனுமதி 0664. தன்னைப் பிரிண்டர் வகை என்று அறிவிக்கும் யூஎஸ்பி கருவியை எல்பி குழுவுக்குக் கொடுக்கும் விதி யூடெவ்வோடு சேர்ந்தே வருகிறது. இங்கும் புது விதி தேவையில்லை.

உணரி: இது விசைப்பலகை, மவுஸ் போன்ற மனித இடைமுக வகையைச் சேர்ந்தது. இவ்வகைக் கருவியோடு நேரடியாகப் பேச உதவும் ஹிட்ரா கோப்பு ரூட்டுக்கு மட்டும், அனுமதி 0600. எந்தக் குழுவுக்கும் வழி இல்லை. மூன்றில் விதி எழுதியே ஆக வேண்டியது இது ஒன்றுதான்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை மூன்றுக்கும் ஒரே மருந்தைச் சொல்கின்றன: ஒரு விதி எழுதி 0666 கொடு. தம்பியின் கைபேசியில் அப்படி ஒன்று தயாராக இருந்தது. அதில் எண்கள்கூட இல்லை. ஹிட்ரா கருவிகள் எல்லாவற்றுக்கும் 0666. விசைப்பலகையும் ஹிட்ரா கருவிதான். அந்த விதி செயல்பட்டால் கணினியில் ஓடும் எந்த நிரலும், எந்தக் கணக்கிலிருந்தும், தட்டச்சாவதை எல்லாம் படிக்கலாம். நிர்வாகி அடிக்கும் கடவுச்சொல்லையும் சேர்த்து. நல்லவேளையாக அது செயல்படவில்லை. கைபேசி, நேர் மேற்கோள் குறிகளைச் சுருள் குறிகளாக மாற்றியிருந்தது. யூடெவ்வுக்கு அது புரியவில்லை.

மத்தியானப் பழுதுக்கான காரணம் கெர்னல் பதிவில் வரிசையாக இருந்தது. யூஎஸ்பி துண்டிப்பு, உடனே புதுக் கருவி எண், மறுபடி துண்டிப்பு. கேபிளின் முனையைப் பிடுங்கிப் பார்த்தால் பச்சை பூத்திருந்தது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கூடம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் மணலும் உப்பும் மேசை மேல் படியும். மூட்டையைத் தராசில் வைக்கும்போது மேசை ஆடும். முனை ஒரு கணம் தொடர்பு விடும். துண்டித்துச் சேரும் ஒவ்வொரு முறையும் யூடெவ் பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதுக் கோப்பை உருவாக்குகிறது. காலையில் சிஎச்மாட் செய்த 0666 பழைய கோப்போடு போய்விட்டது. புதுக் கோப்பு 0660-தான். வரிசையில் நிற்கும் ஆளுக்கு டோக்கன் தராமல் நின்ற இடத்துக்குத் தந்த மாதிரி.

இன்னொரு சிக்கலும் சேர்ந்திருந்தது. துண்டிப்பு நடந்தபோது நிரல் பழைய கோப்பை விடாமல் பிடித்திருந்தால் 0 என்ற எண் காலியாவதில்லை. திரும்ப வரும் கேபிளுக்கு டிடிஒய்யூஎஸ்பி1 என்ற பெயர் கிடைக்கும். நிரலோ 0-வையே தேடிக்கொண்டிருக்கும். அப்போது வரும் பிழை 13 இல்லை. 2, கோப்பே இல்லை என்பது. பிரிண்டரில் அபூர்வமாக 16 வந்ததும் பதிவில் இருந்தது: கருவியை வேறொருவர் பிடித்திருக்கிறார் என்று பொருள். கெர்னலின் சொந்தப் பிரிண்டர் இயக்கி பிடித்திருந்தால் அப்படி வரும். 2, 13, 16 மூன்றையும் திரையில் "இயந்திரம் வேலை செய்யவில்லை" என்ற ஒரே வாக்கியமாகக் காட்டும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. எண்ணைப் பார்த்திருந்தால் அலைச்சல் பாதியாகியிருக்கும்.

எடுத்த முடிவுகள்

முதலில் சுடோ அமைப்பில் இருந்த கடவுச்சொல் இல்லாத வரியையும், க்ரானில் இருந்த சிஎச்மாட்டையும் நீக்கினேன். புது வழி சரியாக வரும்வரை பழையது இருக்கட்டும் என்று தம்பி சொன்னார். பழையது இருந்தால் புதியது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அன்று அறுவடை இல்லாத நாள் என்பதால் தலைவியும் சரி என்றார். ரூட்டுக்குச் சொந்தமான பதிவேடுகளின் உரிமையைச் சாதாரணக் கணக்குக்கு மாற்றினேன்.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு ஒன்று உருவாக்கினேன். அனுமதியை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் தெளிவு வர வேண்டுமானால், எடை போடுகிறவர்களும் மற்றவர்களும் ஒரே கணக்கில் இருக்கக் கூடாது. இதற்குத்தான் முதலில் எதிர்ப்பு வந்தது. இன்னொரு கடவுச்சொல்லா என்றார்கள். பிள்ளைகள் கணக்குக்குக் கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை என்றேன். அதில் காக்க எதுவும் இல்லை.

எடைக் கணக்கை டயல்அவுட், எல்பி இரண்டிலும் சேர்த்தேன். குழு மாற்றம், ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வில் செல்லாது. வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். உபுண்டுவில் வெளியேறிய பிறகும் அந்தக் கணக்கின் பின்னணிச் சேவை சில சமயம் பழைய குழுக்களோடு உயிரோடு இருக்கும். எனவே கணினியை ஒரேயடியாக மறுதொடக்கம் செய்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். தராசும் பிரிண்டரும் அதோடு பேச ஆரம்பித்தன. ஒரு விதி வரிகூட எழுதவில்லை.

உணரிக்கு விதி எழுதினேன். எட்ஸெட்ராவின் கீழ் உள்ள யூடெவ் விதிக் கோப்புறையில் 70 என்ற எண்ணில் தொடங்கும் ஒரு கோப்பு. நிபந்தனைகள் மூன்று: துணை அமைப்பு ஹிட்ரா, விற்பனையாளர் எண் 413டி, பொருள் எண் 2107. நிபந்தனைக்கு இரட்டைச் சமக்குறி, மதிப்புக் கொடுப்பதற்கு ஒற்றைச் சமக்குறி. எண்களில் வரும் ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில்தான் தர வேண்டும், பெரிய எழுத்தில் தந்தால் பொருந்தாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஹிட்ரா கோப்பிடம் விற்பனையாளர் எண் கிடையாது; அது மேலே உள்ள யூஎஸ்பி கருவியிடம் இருக்கிறது. ஆகவே பெற்றோர் கருவிகளிலும் தேடும் பன்மை வடிவத்தை, ஆட்டர்ஸ் என்பதை, பயன்படுத்த வேண்டும். ஒருமை வடிவம் போட்டுவிட்டு விதி வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

அனுமதியாக முதலில் கொடுத்தது யூஅக்சஸ் குறிச்சொல். கணினியின் முன் அமர்ந்து உள்நுழைந்திருக்கும் நபருக்கு மட்டும், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தற்காலிக அனுமதி தருவது இதன் வழி. ஆள் வெளியேறினால் அனுமதியும் போகும். மேசைக் கணினிக்கு இதுவே சுத்தமான முறை என்பது என் எண்ணம். இதைக் கையாளும் உள் விதி 73 என்ற எண்ணில் இருப்பதால், நம் கோப்பின் எண் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 99 என்று பெயர் வைத்தால் விதி படிக்கப்படும், குறிச்சொல்லும் ஒட்டும், அனுமதி மட்டும் வராது.

தராசுக்கு அனுமதி விதி தேவையில்லை என்றாலும் பெயர் விதி ஒன்று சேர்த்தேன். 1ஏ86, 7523 என்ற எண்களோடு வரும் சீரியல் கருவிக்குத் தராசு என்ற நிலையான மாற்றுப் பெயர். 0 ஆனாலும் 1 ஆனாலும் அந்தப் பெயர் சரியான கோப்பைக் காட்டும். நிரலையும் தம்பி திருத்தினார்: வாசிப்பு தவறினால் கோப்பை மூடி, இரண்டு நொடி பொறுத்து, மாற்றுப் பெயரில் மறுபடி திறக்கும். பிழை எண்ணும் திரையில் தெரியும்.

கடைசியாக, பச்சை பூத்த முனையைச் சுத்தம் செய்து, கேபிளை மேசைக் காலோடு கட்டி, தராசுக்கும் கணினிக்கும் தனித்தனி மேசை போட்டோம். அனுமதியை எவ்வளவு சரியாகக் கொடுத்தாலும் உப்பு தன் வேலையைச் செய்யும்.

பின்னர் நடந்தது

அடுத்த அறுவடையில் சீட்டுகள் நிற்காமல் வந்தன. கெர்னல் பதிவில் துண்டிப்புகள் குறைந்திருந்தன, ஒழியவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்குப் பிறகும் இரண்டு நொடியில் எடை திரும்ப வந்தது; மேசையில் இருந்தவர்கள் கவனிக்கவே இல்லை.

உணரியில் மட்டும் புது வழக்கம் ஒன்று தெரிந்தது. ஈரப்பதப் பதிவு பகலில் சீராக இருந்தது. மாலை கூடம் பூட்டியதிலிருந்து காலை வரை வெற்றிடம், பிழை 13. எங்களுக்கு வேண்டியதோ இரவுப் பதிவுதான். அறையில் ஈரம் ஏறுவது அப்போதுதான். காரணம் யூஅக்சஸின் இயல்பிலேயே இருந்தது. அக்கா வேலை முடிந்து வெளியேறினார். அவரோடு அனுமதியும் போனது. எடைக் கணக்கின் பெயரில் க்ரான் இரவில் நிரலை ஓட்டினாலும், திரைக்கு முன் ஆள் இல்லையே. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தாலும் இதே கதைதான்.

குறிச்சொல்லை எடுத்துவிட்டு, எடைக்கூடம் என்று ஒரு சிஸ்டம் குழுவை உருவாக்கி, எடைக் கணக்கை அதில் சேர்த்து, விதியில் குழுவும் 0660 அனுமதியும் கொடுத்தேன். குழு முதலில் இருக்க வேண்டும். விதி படிக்கும் நேரத்தில் இல்லாத குழுவை யூடெவ் கண்டுகொள்ளாது. விதிகளை மறுபடி ஏற்றச் சொல்லி, உணரியைப் பிடுங்கிச் செருகினோம். அன்றிரவிலிருந்து பதிவு முழுமையாக வந்தது. அந்தப் பதிவைப் பார்த்துத்தான் கூடத்தின் வடக்கு ஜன்னலை இரவில் அடைக்க ஆரம்பித்தார்கள்.

யூஅக்சஸ் தவறு என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் அறிவியல் வகுப்பில் ஆர்டுயினோவோ ஸ்கேனரோ பயன்படுத்தும் பள்ளிக் கணினியில் நான் இன்னும் அதைத்தான் வைக்கிறேன். ஆள் இருக்கும்போது மட்டும் வேண்டிய கருவிக்கு அது பொருந்தும். ஆள் இல்லாதபோது ஓட வேண்டிய வேலைக்குக் குழு வேண்டும்.

மாற்றிக்கொள்ள வேண்டியவை

இதே போன்ற கூடம் ஒன்றை பாம்பன் பக்கம் அமைக்கப் பேச்சு நடக்கிறது. அங்கே வேலை தொடங்கும் முன்பே கருவிகளைச் செருகி, கோப்பின் குழுவைப் பார்த்து, எதற்குக் குழு போதும் எதற்கு விதி வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். விதிக் கோப்பின் தலையில் எந்தக் கருவி, யார் எழுதியது, ஏன் என்று தமிழிலேயே குறிப்பு எழுதுவோம்; ஹாஷ் குறிக்குப் பின்னால் எந்த மொழியில் எழுதினாலும் யூடெவ் கவலைப்படாது. விதிகளைக் கைபேசிச் செய்தியாக அனுப்புவதில்லை, கோப்பாக அனுப்புவோம். நிர்வாகக் கணக்கு இரண்டு இருக்கும், ஒன்று சங்கத்தின் பூட்டிய உறையில்.

முதல் கூடத்திலும் ஒரு வேலை பாக்கி. சங்கம் இரண்டாவது தராசு வாங்கப் போகிறது. சிஎச்340 கேபிள்களில் பொதுவாகத் தனி வரிசை எண் இருப்பதில்லை. அதே கேபிளில் இரண்டு தராசு வந்தால் எது எது என்று விதியால் பிரிக்க முடியாது. எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கலாம். எடை போடும் அக்கா ஒருவர் இதைக் கேட்டதும் கணினியின் பின்புறத் துளை ஒன்றுக்குச் சிவப்பு நகப்பூச்சு வைத்துவிட்டார். அது போதுமா, அல்லது வரிசை எண் உள்ள எஃப்டிடிஐ சில்லுக் கேபிளுக்குக் கூடக் கொஞ்சம் செலவழிப்பதா என்று சங்கக் கூட்டத்தில் பேசப் போகிறார்கள். நான் கேபிள் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.